அவ்வளவாகப் பழக்கம் இல்லை

பொரிக்கிற எண்ணெய்க்கு இரண்டு குணம். முதல் சட்டியில் அது சோம்பலாகக் கிடக்கும். சோயாப்பாலை உறையவைத்து மெல்லிசாக நறுக்கிய டோஃபுத் துண்டு அதில் அவசரமில்லாமல் ஊதிப் பெருக்கும். இரண்டாம் சட்டியில் போட்ட மாத்திரத்தில் சீறும். துண்டு தோல் தடித்துப் பொன்னிறமாகும். இந்த இரண்டு சட்டிகளுக்கும் நடுவில் ஹாருயோ இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். ஊரில் எந்த வீட்டில் எத்தனை வாய், எந்த வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது, எந்த மாமியார் மருமகளுக்குத் துண்டை எண்ணிப் போடுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டோஃபு வாங்காத வீடு கிடையாது. வாங்குகிற அளவு மாறினால் வீட்டுக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் டோஃபுக் கடையில் வந்து நிற்பார்கள். ஷிஞ்சி ஏரியின் மேற்குக் கரையில் அதுதான் வழக்கம். பேச்சை எடுக்குமுன் ஒரு ஆளை அனுப்புவார்கள். அவர் இரண்டு துண்டு வாங்குவார், மழையைத் திட்டுவார், சில்லறைக்குக் கையை நீட்டிக்கொண்டே, "இந்தப் பக்கம் இன்னார் வீடு எப்படி?" என்பார்.

ஹாருயோ யாரையும் கெடுத்துச் சொன்னதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. நல்ல வீடென்றால், "அந்த வீட்டுக்குப் போற பொண்ணு குடுத்துவச்சவ" என்பாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மியாவாகி வீட்டைக் கேட்டால் மட்டும், துண்டைத் திருப்புகிற குச்சி ஒரு நொடி நிற்கும். "நல்ல வீடுதான்... எங்களுக்கு அவ்வளவா பழக்கம் இல்ல."

வாய்க்காலின் அகலம் நாலடி. நாலடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களோடு இத்தனை வருஷத்தில் பழக்கம் இல்லையென்றால், கேட்கிறவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? சில்லறையை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மியாவாகி வீட்டுப் பெண்ணுக்காக அப்படி மூன்று பேர் வந்து போனார்கள். அவள் இப்போது ஒசாகாவில் நூல் ஆலையில் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை.

நரி வீடு என்ற சொல்லை ஹாருயோ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பக்கம்" என்பார்கள். இல்லாவிட்டால் பேச்சு நடுவில் நிற்கும். நின்ற இடத்தில் எல்லாரும் ஒரே திசையில் பார்ப்பார்கள். பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். அந்த வீட்டு மச்சில் கண்ணுக்குத் தெரியாத சின்ன நரிகள் இருக்கின்றன, சொத்து சேர்த்துக் கொடுப்பது அவைதான், பகைத்தவர்களைப் பிடிக்கும், சொந்தக்காரர்களை மட்டும் தொடுவதில்லை, அந்த வீட்டுப் பெண் எங்கே வாழப் போனாலும் அவையும் பின்னாலேயே போகும். யார் பார்த்தது என்று கேட்டால் ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு உறுதியாக நம்பியிருக்க மாட்டார்கள்.

நரிக்குப் பிரியம் பொரித்த டோஃபு. ஆகவே மியாவாகி வீட்டு ஷிகெனோ, பக்கத்திலேயே கடை இருந்தும், வெள்ளை டோஃபு மட்டும்தான் வாங்குவாள். பொரித்தது வாங்கினால் "தீனி போடுறா" என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாங்காததற்கு, "அவ எதுக்கு வாங்கணும், அதுங்களே எடுத்துக்கும்" என்றார்கள்.

ஜப்பான் தோற்ற சண்டை முடிந்து எட்டாவது வருஷம். பழைய பஞ்சாங்கப்படி பத்தாம் மாதம். நாட்டிலுள்ள தெய்வங்களெல்லாம் பக்கத்து இசுமோ கோயிலில் வந்து கூடி, யாருக்கு யார் என்று முடிபோடுகிற வாரம். அவர்கள் பேச்சுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாதென்று ஊர் வாயை மூடிக்கொள்ளும். பாட்டு கிடையாது, ஆணி அடிக்கக் கூடாது, ஊசி எடுக்கக் கூடாது. மேல்காற்று மட்டும் யாருக்கும் அடங்காமல், வீடுகளுக்கு மேற்கே சுவர்போல் வளர்த்த பைன் மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் ஹாருயோ வீட்டுக்கு விசாரிக்க ஆள் வருவதாக இருந்தது. மகள் சுமியேவுக்கு இருபத்தொரு வயது. தென்கரை நகரத்தில் சோயா சாறு காய்ச்சுகிற வீட்டு இளையமகன் அவளைத் தையல் வகுப்பு வாசலில் பார்த்திருக்கிறான். ஆறு மாதமாகக் கடிதம் எழுதுகிறான். சுமியே அவன் பெயரைச் சொல்ல மாட்டாள். "அங்க" என்பாள், அதைச் சொல்லும்போதே காது சிவக்கும். விசாரணை மட்டும் நல்லபடியாக முடிந்தால் போதும், பனி விழுமுன் கல்யாணம்.

"என்ன கடைக்காரம்மா, ஆள் வந்தாச்சா?" மட்டி விற்கிற சுனே கூடையைத் தொப்பென்று இறக்கினாள். ஏரித் தண்ணீர் கல்தரையில் ஓடியது.

"மெதுவா பேசு. சாமிங்க கூடியிருக்கு."

"உன் மவளுக்கு முடிபோடற வேலைதான அங்க நடக்குது? நான் வேணா ஒரு கூடை மட்டி குடுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வரவா?"

"சாமிக்கிட்டயுமா பேரம்?"

"பின்ன? முதல் விலையிலேயே இறங்குற சாமிய நான் பாத்ததில்ல." சுனே ஒரு சூடான துண்டை எடுத்து வாயில் போட்டு ஊதினாள். "அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிவச்சிட்டியா?"

"சொல்லுவாங்களா இதையெல்லாம். ஒம்பது வீட்டுக்கும் முள்ளங்கி ஊறுகாய் அனுப்பினேன். உப்பு கூடிப்போச்சு, நீங்கதான் தீத்துத் தரணும்னு."

"தெருவுல பத்து வீடுல்ல?"

ஹாருயோவின் குச்சி நின்றது. சுனே இடது கையைச் சட்டைக்குள் பாதி மறைத்து, நடுவிரல் இரண்டையும் கட்டைவிரலோடு மூக்காகக் குவித்து, மற்ற இரண்டையும் நரிக்காதாக நிமிர்த்தினாள். பிறகு சட்டென்று விரித்துத் துடைத்துக்கொண்டாள்.

"மலையூர்ல ஒருத்தி இப்படித்தான். அந்தமாதிரி வீட்டுக்காரியோட வரப்புல சண்டை போட்டாளாம். அன்னிக்கே ஏழு கிண்ணம் சோறு தின்னுட்டு, வாசல்ல குந்தி ஊளையிட்டாளாம்."

"யார் பாத்தா?"

"எங்கிட்ட மட்டி வாங்கறவளோட நாத்தனாருக்கு நாத்தனார்."

"அவ்வளவு கிட்டத்துல இருந்து பாத்திருக்கா!" என்றாள் ஹாருயோ. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆள் வந்தார். பெயர் கனெமோரி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இதற்குமுன் நாலைந்து சம்பந்தம் விசாரித்து அனுபவப்பட்டவர்தான். ஆனால் அன்றைக்குத் தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றார். எங்கே போனாலும் டோஃபுக் கடையில் கேட்பார். விசாரிக்க வேண்டிய வீடே டோஃபுக் கடையாக இருந்தால் யாரிடம் கேட்பது? ஒன்பது வீடுகளும் சாமி வாரத்துக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. காற்று குடையைப் பின்பக்கமாக மடக்கியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு திறந்திருந்தது. யாரும் வராத வீட்டுக்குச் சாத்தினால் என்ன, திறந்தால் என்ன.

ஹாருயோ நிமிர்ந்து பார்த்தபோது மியாவாகி வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் குடை சாய்ந்திருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவரா?" என்றான் தொகுஜி. அவள் புருஷன், அரைத்த சோயாவைத் துணியில் பிழிந்துகொண்டிருந்தான்.

"போய்க் கூட்டிட்டு வாங்க."

"என்னன்னு சொல்லி? எங்க மவளப்பத்தி இங்க கேக்காதீங்க, அங்க கேளுங்கன்னா?"

"ஐயோ, ஏதாவது சொல்லுங்க."

"எண்ணெய் புகையுது பாரு" என்றான் அவன்.

இரண்டு சட்டி பொரிந்து இறங்கியது. கனெமோரி வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் ஒரு தரம் கேட்டது. சாமி வாரத்தில் அந்தத் தெருவில் கேட்ட ஒரே சிரிப்பு. மூன்றாவது சட்டியில் அவர் வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டே, கையில் காய்ந்த பெர்சிமன் பழம் ஒன்றோடு, அந்த வீட்டு வாசலைப் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டார். கடைப்பக்கம் திரும்பி அதேபோல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஷிகெனோ வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்தோடு வந்தாள்.

"ஒரு வெள்ளை குடுங்க அக்கா."

ஹாருயோ தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டாள். எடுத்த அவசரத்தில் டோஃபு முனை உடைந்தது.

"உங்க வீட்டப்பத்திக் கேக்கத்தான் வந்தாரு" என்றாள் ஷிகெனோ. "பாவம், தெப்பமா நனைஞ்சிட்டாரு. சூடா மட்டிச் சாறு குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"ரெண்டு கிண்ணம். நல்ல மனுஷன்."

"என்ன... என்ன கேட்டாரு?"

"எல்லாரும் கேக்கறதுதான். நல்லதா நாலு வார்த்த சொன்னேன். சுமியே பொன்னான பொண்ணுன்னேன். எத்தன வருஷமா தெரியும்னாரு. இருபத்திரண்டு வருஷம்னேன். ரொம்பப் பழக்கமான்னாரு." ஷிகெனோ சிரித்தாள். அந்த வயதுக்கு அழகான பல்வரிசை. "ரொம்பப் பழக்கம், எங்களுக்கு அவங்க சொந்தக்காரங்க மாதிரின்னேன்."

காற்று ஒரு மூச்சு நின்று மறுபடி அடித்தது.

"தப்பா ஏதும் சொல்லிட்டேனாக்கா?"

ஹாருயோ அந்த முகத்தில் கபடத்தைத் தேடினாள். பொய்த்தராசை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கிறவள் அவள். மூக்கில், கண்ணோரத்தில், உதட்டில் எங்கே தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இல்ல. ரொம்ப உபகாரம்."

"அக்கம்பக்கம்னா அதுக்குத்தான" என்று சொல்லிவிட்டு ஷிகெனோ உடைந்த டோஃபுவையே வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று ஹாருயோ தட்டிலிருந்ததை எண்ணினாள். அறுபது துண்டு பொரித்திருந்தாள். ஐம்பத்தொன்பது இருந்தது. மறுபடி எண்ணினாள். சுனே ஒன்றைத் தின்றது முந்தாநாள். இன்றைக்கு ஷிகெனோவைத் தவிர யாரும் வரவில்லை.

ஐந்தாம் நாள் சுனே வந்தாள். கூடையை இறக்கவில்லை. முதுகில் தூக்கியபடியே, வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"துறையில டீக்கடைக்காரிகிட்ட அந்த மனுஷன் சொல்லியிருக்காரு, இன்ன வீட்டுல சாப்பிட்டேன், ரொம்ப உபசாரம்னு. எந்த வீடு, வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்னு அவ கேட்டிருக்கா. கேட்டுட்டு, ஊத்த எடுத்த கெட்டிலை அப்படியே கீழ வச்சிட்டாளாம். ஒண்ணும் சொல்லலையாம். வச்சிட்டாளாம், அவ்வளவுதான்."

"உள்ள வாயேன் சுனே. துண்டு சூடா இருக்கு."

"வயிறு சரியில்ல." சுனே தெருவைப் பார்த்தாள். "சொந்தக்காரங்க மாதிரின்னு சொன்னாளாமே?"

"அவ சொன்னா ஆச்சா? நீ என்னை எத்தன வருஷமா பாக்கற?"

"பாக்கறேன்தான்" என்றாள் சுனே. அவள் இடது கை சட்டைக்குள் இருந்தது. விரல் எப்படி இருந்தது என்று ஹாருயோவுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து கடையில் வெள்ளை டோஃபு போனது, பொரித்தது போகவில்லை. சில்லறையைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்னார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வாய்ப்பேச்சில் அவளை ஜெயித்தவர்கள் அந்தக் கரையில் கிடையாது.

சாமிகள் விடைபெற்றுப் போன மறுநாள் கனெமோரி மறுபடி வந்தார். இந்தமுறை நேராகக் கடைக்கே. மரியாதைக்காரர்; வேண்டாமென்றாலும் ஒருமுறை முகம் பார்த்து முடிப்பவர். முன்னறையில் உட்கார வைத்தார்கள். சுமியே தேநீரும், சாறு ஊறின பொரித்த துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கதவுக்குப் பின்னால் அவள் பாதம் நகராததை ஹாருயோ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதை இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

"ஐயா, உங்களுக்குத் தெரியாம ஒரு தப்பான வீட்டுல உக்காந்துட்டீங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அது..." குரலைத் தாழ்த்தினாள். "அது நரி வீடு."

சொல் வெளியே வந்துவிட்டது. அறைக்குள் அது எங்கோ போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றார் கனெமோரி சாந்தமாக. "ஆனா கேள்விப்பட்டதுதான. உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஊருக்கே தெரியுங்க. நடுராத்திரியிலயும் அந்த வீட்டுல விளக்கு எரியும்."

கனெமோரி சுவரில் தொங்கிய அரிக்கேனைப் பார்த்தார். டோஃபுக் கடையில் ராத்திரி இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டுவார்கள்.

"சண்டைக்கு அப்புறம் எல்லாரும் கஞ்சிக்கு அலைஞ்சப்ப அவங்களுக்கு மட்டும் சொத்து சேந்துச்சு."

அவர் தலை நிமிர்ந்தது. மச்சில் புதுப் பலகை. கூரையில் போன வருஷம் போட்ட ஓடு. பின்கட்டில் தொகுஜி வாங்கிய அரைக்கிற மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"அவங்களப் பகைச்சுக்கிட்டா வீட்டுல யாருக்காவது வந்துரும். காய்ச்சல், கிறுக்கு..."

"உங்களுக்கு அப்படி ஏதாவது?"

"இல்ல."

"பிள்ளைக்கு? வீட்டுக்காரருக்கு?"

"ஒண்ணும் ஆனதில்ல."

"இருபத்திரண்டு வருஷம், நாலடி தள்ளி. ஒண்ணுமே ஆனதில்லையா?"

"ஒண்ணுமே இல்லைங்க" என்றாள் ஹாருயோ. சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்குக் கேட்டது.

"ம்" என்றார் கனெமோரி.

அவர் கை தேநீர்க் கிண்ணத்தின் பக்கம் பாதி தூரம் போயிருந்தது. அங்கேயே நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மடிக்குத் திரும்பியது. பொரித்த துண்டை அவர் பார்க்கவே இல்லை. அதைப் பார்க்காமலிருக்கத் தெரிந்த கண்கள்.

"நல்ல வீடுதான்..." என்று எழுந்தார் அவர். அதற்குமேல் சொல்லவில்லை. வாசலில் மூன்று தரம் குனிந்தார்.

கடிதம் நாலு நாளில் வந்தது. நல்ல காகிதம், அழகான கையெழுத்து. பெண் வீடு இருக்கிற திசை இந்த வருஷம் மாப்பிள்ளைக்குப் பொருந்தவில்லையாம், மிகவும் வருந்துகிறார்களாம். சுமியே அதை நின்றபடியே படித்தாள். மடித்தாள். அழுவாளென்று ஹாருயோ காத்திருந்தாள்.

"அம்மா, எதிர்வீட்டு அக்காவுக்கும் திசைதான் பொருந்தலையா?"

"அது வேறடி."

"மூணு தடவையுமா?"

ஹாருயோ குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் எண்ணெய் இல்லை. குச்சி எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் அந்த அக்காவுக்கு எழுதிட்டேன்" என்றாள் சுமியே. "ஆலையில ஆள் எடுக்கறாங்களாம். அங்க யாருக்கும் வாய்க்கால் தெரியாது."

முதல் பனி தூவிய காலையில் அவள் புறப்பட்டாள். தொகுஜி ரயிலடி வரைக்கும் பெட்டியைத் தூக்கிப் போனான். தெருவில் ஒன்பது வீட்டு ஜன்னலும் ஒரு விரல்கடை திறந்திருந்தன. எந்தக் கண்ணும் சுமியேவின் முகத்தைப் பார்க்கவில்லை; எல்லாம் அவள் காலடிக்குப் பின்னால், வெள்ளைத் தரையைப் பார்த்தன. தடம் ஏதாவது கூடுதலாக விழுகிறதா என்று.

கடைவாசலில் நின்ற ஹாருயோவும் அங்கேதான் பார்த்தாள். மகள் முனை திரும்பியது அவளுக்குத் தெரியாது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுமியேவின் செருப்புத் தடமும் தொகுஜியின் தடமும் தவிர ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றதும் ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. அவளோடு போகவில்லையென்றால் இங்கேயே இருக்கிறதா?

அன்று வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மச்சில் சத்தம் கேட்டது. இலேசான காலடி, ஓடி, நின்று, ஓடியது.

"எலி" என்றான் தொகுஜி, சோற்றிலிருந்து தலையெடுக்காமல்.

"எலிதான்" என்றாள் ஹாருயோ.

விற்காமல் கிடந்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பூனைக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தத் தெருவில் பூனை கிடையாது. பின்வாசலைத் திறந்து, வாய்க்காலை ஒட்டிய கல்லின் மேல், பனியைக் கையால் துடைத்துவிட்டு, துண்டை வைத்தாள். வைத்த பிறகு இரண்டு கையையும் சேர்த்துவிட்டாள். ஏன் சேர்த்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் ஷிகெனோ நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தலைத்துணியில் பனி படிந்திருந்தது. நாலடி தூரம். இத்தனை வருஷத்தில் இருவரும் இவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

ஷிகெனோ கல்லின் மேலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு ஹாருயோவைப் பார்த்தாள். கேலியா, அக்கறையா என்று பிரித்தெடுக்க முடியாத மெல்லிய குரலில் சொன்னாள்:

"ஒண்ணு போதாதுக்கா."

ஹாருயோ உள்ளே போய்த் தட்டோடு எடுத்து வந்தாள்.